சொன்னவர் எதிர் பெஞ்சில் இருந்தார்

டீக்கடைக்கு வரும் ஒரே ஒரு தினத்தந்தியை ஊரே படித்த காலம் அது. 1942-இல் மதுரையில் சி.பா.ஆதித்தனார் தொடங்கிய நாள் முதல், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் புரிய வேண்டும் என்று பெரிய தலைப்பும் சின்ன வாக்கியமுமாக வந்த பத்திரிகை. காலை ஆறு மணிக்கே தாள்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடும். முதல் தாள் பெஞ்சின் ஒரு முனையில், கன்னித்தீவு இருக்கும் தாள் பையன்களிடம், சினிமா விளம்பரத் தாள் பக்கத்து சலூனில். நடுவில் ஒருவர் உரக்கப் படிப்பார். 1991 கணக்கெடுப்பின்போதுகூடத் தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 63 பேர்தான். மற்றவர்களுக்கு நாட்டு நடப்பு காது வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது.

படிக்கிறவர் செய்தியோடு தன் அபிப்பிராயத்தையும் கலந்தே படிப்பார். எதிர் பெஞ்சுக்காரர் விடமாட்டார். "நிறுத்துங்கண்ணே, அதுல அப்படியா போட்டிருக்கு?" என்று தாளைக் கையில் வாங்கிப் பார்ப்பார். போட்டிருக்காவிட்டால் படித்தவருக்கு அன்று முழுக்கத் தலைகுனிவு. மறுநாள் காலையில் இருவரும் அதே பெஞ்சுக்குத்தான் வந்தாக வேண்டும். ஊரில் வேறு டீக்கடை இருந்தாலும் அங்கே கடன் நோட்டில் பெயர் இருக்காது. முடி வெட்டும் கடையிலும் டீக்கடையிலும் 'இங்கு அரசியல் பேசாதீர்கள்' என்று எழுதி மாட்டியிருந்ததற்குக் காரணம் இருந்தது. பேச்சு முற்றினால் கிளாஸ் உடையும், பாக்கி நிற்கும். ஆனாலும் திராவிட இயக்கம் ஊர் ஊராகப் பரவியதில் அந்தக் கடைகளுக்கும், கட்சிக்காரர்கள் ஓலைக் கொட்டகையில் நடத்திய படிப்பகங்களுக்கும் பெரும் பங்கு உண்டு. முரசொலியையும் விடுதலையையும் அங்கே வாய்விட்டுப் படிக்கக் கேட்டே அரசியல் கற்றுக்கொண்ட தலைமுறை ஒன்று நமக்கு இருந்தது.

அன்று சொல்லப்பட்ட கருத்தெல்லாம் சரியானது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெஞ்சில் புரளியும் பேசினார்கள், பொய்யும் பேசினார்கள். ஆனால் எதைச் சொன்னாலும் சொன்னவர் யார், எந்தத் தெரு, எந்தக் கட்சி, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது கேட்பவருக்குத் தெரிந்திருந்தது. கருத்தை அப்படித்தான் எடை போட்டோம். பணம், விளையாட்டு, செய்தி, அரசியல் ஆகிய நான்கிலும் இந்த முப்பது ஆண்டுகளில் நாம் இழந்த முதல் பொருள் அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

பணத்தைப் பற்றி அன்றைய பொதுக்கருத்து நாலு வரியில் அடங்கும். கடன் வாங்காதே. கையில் காசு சேர்ந்தால் பொட்டு நகையாவது வாங்கு. அதற்கும் மேலே சேர்ந்தால் மனை வாங்கு. மிச்சத்தைப் போஸ்ட் ஆபீசில் போடு. அந்தக் கடைசி வரிக்கு உண்மையிலேயே பலம் இருந்தது. 1988-இல் வந்த கிசான் விகாஸ் பத்திரத்தில் போட்ட பணம் ஐந்தரை ஆண்டில் இரட்டிப்பானது. மகளுக்குப் பத்து வயதாகும்போது பத்திரம் வாங்கி, முதிர்ந்ததும் மறுபடி போட்டு, கல்யாணத்தை முடித்த குடும்பங்கள் உண்டு. அதைச் சொல்லிச் சேர்த்துவிடும் சிறுசேமிப்பு முகவர் பெரும்பாலும் அதே தெருவில் குடியிருக்கும் பெண்மணியாக இருப்பார். மாதம் பிறந்தால் அட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வருவார். ஏலச்சீட்டு பிடிக்கிறவரும் அப்படித்தான். அவருடைய வீட்டு வாசல் எல்லோருக்கும் தெரியும்.

அதே காலத்தில்தான் 24 சதவீதம், 36 சதவீதம் வட்டி என்று ஆசை காட்டிய நிதி நிறுவனங்களும் தமிழ்நாடெங்கும் முளைத்து, 90-களின் பிற்பாதியில் வரிசையாக மூடின. ஓய்வூதியத்தை மொத்தமாகப் போட்டவர்கள் ஷட்டர் முன்னால் நின்றார்கள். எங்கள் தெருவில் அப்படி ஒரு நிறுவனத்துக்கு ஆள் சேர்த்துவிட்டவர் ஒருவர் இருந்தார். நிறுவனம் மூடியதும் அவர் ஊரைவிட்டு ஓடவில்லை. தான் சொல்லிப் பணம் போட்ட இரண்டு குடும்பங்களுக்கு மனைவியின் வளையலை விற்றுக் கொஞ்சம் கொடுத்தார். மற்றவர்களின் ஏச்சைப் பல வருடம் தாங்கினார். நஷ்டம் ஈடாகவில்லைதான். ஆனால் கேட்க ஒரு வாசல் இருந்தது.

இன்று அந்த நாலு வரியில் ஒன்றும் பழையபடி நிற்கவில்லை. 2000-இல் ஒரு பவுன் 4,000 ரூபாய்க்கும் கீழே. 2025 அக்டோபரில் அது 90,000 ரூபாயைத் தாண்டியது. பொட்டு நகை வாங்கு என்ற அறிவுரை தினக்கூலிக்காரருக்குப் பொருளற்றுப் போயிற்று. அதே கிசான் விகாஸ் பத்திரத்தில் பணம் இரட்டிப்பாக இப்போது 115 மாதம், அதாவது ஒன்பதரை ஆண்டுக்கும் மேல். ஆகவே இளைஞர்கள் பங்குச் சந்தைக்குப் போனதைப் பேராசை என்று திட்டுவது நியாயமில்லை. பத்திரமான பாதை நீண்டுவிட்டது. அவர்கள் வேறு பாதை தேடினார்கள். 2020 மார்ச்சில் நாடு முழுக்க நாலு கோடி அளவில் இருந்த டீமேட் கணக்குகள் நாலே ஆண்டில் 15 கோடியைத் தாண்டின. ஹர்ஷத் மேத்தா விவகாரம் வெடித்த 1992-க்குப் பிறகு 'ஷேர் மார்க்கெட் சூதாட்டம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்ட வீடுகளில், இன்று பிள்ளை சாப்பிடும்போதும் நிஃப்டி பார்க்கிறான்.

என் கவலை சந்தையைப் பற்றியதல்ல, யோசனை சொல்கிறவரைப் பற்றியது. 'ஆப்ஷன் டிரேடிங்ல ஒரே நாள்ல ஒரு மாசச் சம்பளம்' என்று ரீல்ஸில் சொல்பவர் எந்த ஊர், அவர் கையிலிருந்து போட்டது எவ்வளவு, அவருக்கு வருமானம் சந்தையிலிருந்தா அல்லது பார்க்கிற நம்மிடமிருந்தா என்பது ஒருவருக்கும் தெரியாது. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு, மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்றது. மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். யோசனை சொன்னவர்களில் எத்தனை பேர் வளையல் விற்றார்கள்?

பணம் தொடர்பாக இன்னொரு மாற்றமும் உண்டு. அன்று சம்பளத்தைக் கேட்பதும் சொல்வதும் அநாகரிகம். பேங்க் பாஸ்புக் பீரோவில் சேலைக்கு அடியில் இருக்கும். அரசியலோ தெருவில் நடந்தது. இன்று பணம் தெருவுக்கு வந்துவிட்டது. 2016-இல் யுபிஐ வந்த பிறகு, பத்து ரூபாய் டீக்குக்கூட எவ்வளவு வந்தது என்று கடையின் ஸ்பீக்கர் பெட்டி ஊருக்குச் சொல்கிறது. எந்த ஃபண்ட், எவ்வளவு ரிட்டர்ன் என்று முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிறோம். அரசியல்தான் உள்ளே போய்விட்டது.

வீடியோ கேம் பக்கம் வருகிறேன். 90-களில் அது ஒரு கடையின் பெயர். டிவிப் பெட்டியோடு இணைத்த சாதனம், மஞ்சள் கேசட், மரியோ, கான்ட்ரா. பிறகு பிரவுசிங் சென்டரில் ரோட் ராஷும் வைஸ் சிட்டியும். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. ஆடுகிறவன் ஒருவன் என்றால் பின்னால் நின்று 'லெஃப்ட்ல திரும்புடா' என்று கத்துகிறவர்கள் ஐந்து பேர். பெரியவர்களின் கருத்து ஒன்றே ஒன்று: கண் கெடும், படிப்பு கெடும். பள்ளி நேரத்தில் வந்தால் கடைக்காரரே விரட்டுவார். அப்பாவைச் சந்தையில் பார்த்தால் சொல்லியும் விடுவார். இழப்பு அதிகபட்சம் பத்து ரூபாயும் ஒரு அடியும்.

விளையாட்டைக் குற்றம் சொல்லும் பழக்கத்தை நாம் இன்னும் விடவில்லை. 2020-இல் பப்ஜியும் 2022-இல் ஃப்ரீ ஃபயரும் தடையானபோது பெற்றோர் நிம்மதி அடைந்தார்கள். அந்தத் தடைகள் தரவுப் பாதுகாப்பும் சீனத் தொடர்பும் காரணமாக வந்தவை. பிள்ளைகளின் படிப்புக்காக அல்ல. உண்மையான கேடு வேறு இடத்தில் இருந்தது. பணம் கட்டி ஆடும் ரம்மி பெரியவர்களைத்தான் பிடித்தது. சம்பளக்காரர், குடும்பத் தலைவர், வெள்ளிக்கிழமை கூலி வாங்கியவர். ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள் ஆடினார்கள். பின்னால் நின்று 'போதும்டா, எழுந்திரு' என்று சொல்ல ஒருவரும் இல்லை. பிரபல நடிகர்கள் விளம்பரத்தில் வந்து அழைத்தார்கள். கடன், அதன் பிறகு தற்கொலை என்று செய்திகள் வந்துகொண்டே இருந்தன.

தமிழ்நாடு இதில் விடாமல் போராடியது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2021-இல் கொண்டுவந்த தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டே ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் 2022-இல் சட்டமன்றம் புதிய மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடியும் நிறைவேற்றி, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. ரம்மி திறமை விளையாட்டு என்று நீதிமன்றம் விலக்களித்த பிறகும், 2025-இல் ஆதார் சரிபார்ப்பும் நள்ளிரவு முதல் காலை ஐந்து மணிவரை ஆடத் தடையும் விதியாக வந்தன. அந்த ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளை மத்திய அரசே சட்டம் போட்டுத் தடுத்தது. இத்தனை ஆண்டு இழுபறியில் போன உயிர்கள் போனவைதான்.

செய்தியைப் பொறுத்தவரை, கைபேசி வந்துதான் நாம் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தோம் என்பதை நான் ஏற்பதில்லை. வானொலியும் சென்னைத் தொலைக்காட்சியும் எல்லோருக்கும் ஒரே செய்தியைத்தான் தந்தன. 1993-இல் சன் டிவி வந்தது, 1999-இல் ஜெயா டிவி, 2007-இல் கலைஞர் டிவி. கட்சிக்கொரு சேனல் என்றானபோதே ஒரே தெருவின் இரண்டு வீடுகளில் ஒரே நாளின் செய்தி இரண்டாகிவிட்டது. 2016-இல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும் ஒரே வீட்டுக்குள் நாலாகிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வித்தியாசத்தின் விலை என்னவென்று 2018-இல் திருவண்ணாமலை மாவட்டத்தில் பார்த்தோம். பிள்ளை பிடிப்பவர்கள் வருகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய புரளியை நம்பி, குலதெய்வக் கோவிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். குழந்தைகளுக்கு அவர் சாக்லேட் கொடுத்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம். 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவ, திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் ரயில் நிலையத்துக்கு ஓடினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து நேரில் விசாரித்துவிட்டுப் போனது. பக்கத்து மெஷினில் இருக்கும் தமிழ்த் தொழிலாளி சொன்னதைவிட, ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த வீடியோவை அவர்கள் நம்ப நேர்ந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து மெஷின்காரரோடு உட்கார்ந்து டீ குடிக்க நாம் அவர்களை எத்தனை நாள் அழைத்திருக்கிறோம்?

அரசியல் கருத்தில் எனக்கு வலிக்கும் மாற்றம் ஓட்டுக்குப் பணம். அன்றும் கொடுத்தார்கள், வாங்கியவர் வெளியே சொல்லமாட்டார். 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு அது ஒரு 'ஃபார்முலா'வாகப் பெயர் பெற்றது. 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலையே பணப் பட்டுவாடாவுக்காக ரத்து செய்தார்கள். நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்கு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. இன்று கூச்சம் போய்விட்டது. "நம்ம பணம்தானே, வாங்குனா என்ன?", "பக்கத்துத் தெருவுக்கு வந்துடுச்சு, நமக்கு எப்ப?" என்று வாசலில் நின்று பேசுகிறார்கள். அதேசமயம் வாங்கிய பணத்துக்கும் போட்ட ஓட்டுக்கும் தொடர்பில்லாமல் பார்த்துக்கொள்ளும் தெளிவும் பலருக்கு வந்துவிட்டது. இந்தத் தெளிவு எனக்கு ஆறுதல் தரவில்லை. செலவழித்தவர் அதை எங்கிருந்து திரும்ப எடுப்பார் என்ற கேள்வியை யாரும் வாசலில் நின்று கேட்பதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, அந்தப் பெஞ்சைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாவிட்டால் என் எழுத்து பொய்யாகிவிடும். அதில் பெண்கள் உட்காரவில்லை. பல ஊர்களில் தலித் மக்களும் உட்கார முடியவில்லை. தனிக் குவளையில், தள்ளி நின்று, குத்துக்காலிட்டு டீ குடிக்க வைத்தார்கள். 'ஊர்க் கருத்து' என்று நாம் பெருமையாகச் சொன்னது ஊரில் பாதிப்பேரைக் கேட்காமல் எடுத்த கருத்து. வெளியே நிற்கவைக்கப்பட்டவரின் பேரன் இன்று தன் கைபேசியில் தன் ஊரின் கதையைச் சொல்லும்போது, அதைக் கேட்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அது இழப்பல்ல.

பெண்களின் கருத்து பொதுவெளிக்கு வந்த வழி கைபேசிக்கும் முந்தையது. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களில் வாரா வாரம் கூடி, கணக்கு நோட்டைப் பிரித்து, யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுப் படித்தார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை விழுகிறது. டீக்கடையில் இதை 'இலவசம்' என்று பேசுகிறார்கள். பேருந்தில் பேச்சு வேறாக இருக்கிறது. பூக்காரம்மாவும், ஜவுளிக்கடை வேலைக்குப் போகிற பெண்ணும், வேறு வேறு கட்சிக்காரர்கள், ஒரே சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வாதாடுகிறார்கள். ஒருவர், "விலைவாசிய ஏத்திட்டு ஆயிரம் குடுத்தா சரியாப் போச்சா?" என்கிறார். மற்றவர், "இத்தனை வருஷம் வீட்டு வேலைக்கு எவன் கூலி குடுத்தான்? குடுக்கட்டும்" என்கிறார். முன் சீட்டு அக்கா திரும்பி, தனக்கு இன்னும் வரவில்லை, மனு கொடுத்து ஆறு மாதமாயிற்று என்கிறார். எந்த ஆபீசில், யாரிடம், எந்தக் கிழமை போய்க் கேட்க வேண்டும் என்று பூக்காரம்மா சொல்லித் தருகிறார். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு நாள், நானும் வருகிறேன் என்கிறார்.