மக்காச்சோள வயலில் கிடைத்த சாட்சி: உடைந்த பாகத்திடம் பொறியாளர்கள் என்ன கேட்கிறார்கள்?

பைக்கில் கிளட்ச் கேபிள் அறுந்தால் மெக்கானிக்கிடம் போவோம். "பழசாயிடுச்சு சார், மாத்திடலாம்" என்பார். கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்துவிடும். அறுந்த கேபிள் ஒர்க்‌ஷாப் மூலையில் போய் விழும். ஏன் அறுந்தது, ஏன் சரியாக அந்த இடத்தில் அறுந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அதுவே விமான இன்ஜினின் பாகமாக இருந்தால்? லட்சக்கணக்கான பேர் பாக்கெட்டில் வைத்திருக்கும் போனின் பேட்டரியாக இருந்தால்? அப்போது 'மாத்திடலாம்' மட்டும் போதாது. அதே குறையோடு தயாரான இன்னொரு பாகம் வேறு எங்கோ ஓடிக்கொண்டிருக்கலாம். அது உடைவதற்குள் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மெட்டீரியல்ஸ் இன்ஜினியர்கள் செய்யும் இந்த வேலைக்கு 'ஃபெயிலியர் அனாலிசிஸ்' என்று பெயர். தமிழில் முறிவு ஆய்வு எனலாம்.

கிட்டத்தட்ட போலீஸ் விசாரணை மாதிரிதான். ஒரே வித்தியாசம், இங்கே முக்கியமான சாட்சி உடைந்துபோன பொருள். அது எவ்வளவு பேசும் என்பதற்கு 1989-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு விபத்து நல்ல உதாரணம்.

44 நிமிடப் போராட்டம்

1989 ஜூலை 19. டென்வரிலிருந்து சிகாகோவுக்குக் கிளம்பிய யுனைடெட் ஏர்லைன்ஸ் 232 விமானத்தில் 296 பேர் இருந்தார்கள். அது மூன்று இன்ஜின் கொண்ட டிசி-10 ரக விமானம். கிளம்பி ஒரு மணி நேரம் கடந்த நிலையில் வால் பகுதியில் இருந்த இன்ஜின் வெடித்துச் சிதறியது.

ஒரு இன்ஜின் போனாலும் மற்ற இரண்டை வைத்து டிசி-10 பறக்கும். ஆனால், சிதறிய துண்டுகள் விமானத்தின் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் செயலிழக்க வைத்துவிட்டன. விமானத்தைத் திருப்ப, ஏற்ற, இறக்க உதவுவது இந்த ஹைட்ராலிக் அழுத்தம்தான். காரில் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் ஒன்றாகப் போனது போன்ற நிலை.

கேப்டன் ஆல் ஹேன்ஸ் குழுவினரும், பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி டெனிஸ் ஃபிட்ச்சும் மிச்சமிருந்த இரண்டு இன்ஜின்களின் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்து விமானத்தை ஓட்டினார்கள். 44 நிமிடங்களுக்குப் பிறகு அயோவா மாநிலத்தின் சியூ சிட்டி விமான நிலையத்தில் இறங்க முயன்றபோது விமானம் உடைந்து தீப்பிடித்தது. 112 பேர் இறந்தார்கள். 184 பேர் பிழைத்தார்கள்.

வெடித்தது இன்ஜினின் முன்பக்க ஃபேன் டிஸ்க். டைட்டானியத்தால் ஆன, சுமார் 168 கிலோ எடையுள்ள தட்டு. ஆனால், அது பறந்துகொண்டிருந்தபோதே பிய்ந்து விழுந்துவிட்டதால், விபத்து நடந்த இடத்தில் கிடைக்கவில்லை. தேடித் தேடிப் பார்த்தும் அகப்படவில்லை. சுமார் மூன்று மாதம் கழித்து, மக்காச்சோள அறுவடையின்போது ஒரு விவசாயியின் வயலில் கிடைத்தது. முக்கிய சாட்சி வந்துவிட்டது.

உடைந்த பரப்பைப் படிப்பது எப்படி?

இந்த வேலையில் முதல் விதி: அவசரப்பட்டுக் கை வைக்காதே. உடைந்த பரப்பைத் துடைக்கக் கூடாது. 'சரியாகப் பொருந்துகிறதா பார்ப்போம்' என்று இரண்டு துண்டுகளையும் ஒட்டிவைத்துப் பார்க்கக் கூடாது. உரசினாலே அதிலிருக்கும் நுண்ணிய தடயங்கள் அழிந்துவிடும். முதலில் கண்ணால் பார்ப்பது, பிறகு லென்ஸ், பிறகு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப். வெட்டிப் பார்ப்பது, ரசாயனச் சோதனை எல்லாம் கடைசியில்தான்.

அப்படி என்னதான் எழுதியிருக்கும் அந்தப் பரப்பில்?

ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று உடைகிறது அல்லவா? ஒரே தடவையில் அதை உடைக்கத் தேவையான பலம் நம்மிடம் இல்லை. ஆனாலும் உடைகிறது. இதுதான் உலோகக் களைப்பு. ஒவ்வொரு முறை சுமை ஏறி இறங்கும்போதும் விரிசல் துளித் துளியாக நகர்கிறது. நகர்ந்த ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய கோட்டை விட்டுச் செல்கிறது. மரத்தின் ஆண்டு வளையங்கள் மாதிரி. அந்தக் கோடுகளைப் பின்னோக்கித் தொடர்ந்தால், விரிசல் பிறந்த இடத்துக்குப் போய்விடலாம்.

232-ன் டிஸ்கிலும் கோடுகள் இருந்தன. அவற்றின் மொத்த எண்ணிக்கையை மதிப்பிட்டபோது, அந்த டிஸ்க் பார்த்த மொத்தப் பயணங்களின் எண்ணிக்கைக்கு, அதாவது 15,503-க்கு, கிட்டத்தட்ட சமமாக இருந்தது. விரிசல் நேற்று வந்ததல்ல, டிஸ்க் வேலையைத் தொடங்கிய நாளிலிருந்தே வளர்ந்து வந்திருக்கிறது.

கோடுகள் போய் முடிந்த இடத்தில் ஒரு சின்னக் குழி இருந்தது. நீளம் சுமார் 1.4 மில்லிமீட்டர், ஆழம் சுமார் 0.4 மில்லிமீட்டர். அதைச் சுற்றியிருந்த டைட்டானியத்தில் நைட்ரஜன் அளவுக்கு மீறிக் கலந்திருந்தது. 1971-ல் உலோகத்தை உருக்கியபோது நேர்ந்த குறை இது. நைட்ரஜன் அதிகமான டைட்டானியம் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மை கொண்டது. சோற்றில் கல் கிடப்பதுபோல, நல்ல உலோகத்துக்குள் ஒரு கெட்ட துணுக்கு. தயாரிப்பின் கடைசிக் கட்டத்தில் அது பெயர்ந்து விழுந்து குழியானது. அந்தக் குழியிலிருந்து விரிசல் புறப்பட்டது.

'யார் சொதப்பினது?' என்பது சரியான கேள்வியா?

இதுவரை கேட்டால், பழி முழுக்க 18 ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் உலைக்குத்தான் என்று தோன்றும். ஆனால், சாட்சி இன்னொன்றும் சொன்னது.

விரிசலின் ஒரு பகுதி மட்டும் நிறம் மாறியிருந்தது. விபத்துக்கு 15 மாதம் முன்பு, 1988 ஏப்ரலில், அந்த டிஸ்க் பராமரிப்புச் சோதனைக்குப் போயிருந்தது. ஒளிரும் திரவத்தை டிஸ்க் மேல் பூசுவார்கள். விரிசல் இருந்தால் திரவம் உள்ளே இறங்கும். புற ஊதா விளக்கில் பார்த்தால் அந்த இடம் பளிச்சென்று தெரியும். விரிசலின் பரப்பில் அந்தத் திரவத்தின் ரசாயனத் தடயங்கள் கிடைத்தன. அப்போது விரிசல் ஏற்கெனவே சுமார் 12 மில்லிமீட்டர் நீளத்துக்கு வளர்ந்திருந்தது என்று கணக்கிட்டார்கள்.

அதாவது, திரவம் விரிசலுக்குள் போயிருக்கிறது. ஆனால், அதை யாரும் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் பெரும்பாலான ஆபீஸ்களில் என்ன நடக்கும்? சோதனை செய்தவர் பெயரைக் கண்டுபிடித்து, நடவடிக்கை எடுத்து, ஃபைலை மூடிவிடுவார்கள். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அங்கே நிற்கவில்லை. மனிதக் கண்ணுக்கும் கவனத்துக்கும் உள்ள எல்லைகளைச் சோதனை முறை போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை என்பதைத்தான் விபத்துக்கான காரணமாக எழுதியது.

யோசித்துப் பாருங்கள். விரிசல் இருந்தது டிஸ்கின் நடுத்துளையின் உட்புறத்தில். டிஸ்கைக் கேபிளில் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். கேபிள் படும் இடத்தையும் பார்க்க வேண்டுமென்றால் டிஸ்கைத் திருப்ப வேண்டும். நாள் முழுக்க இப்படிப் பார்த்தாலும் பெரும்பாலான டிஸ்குகளில் எதுவும் இருக்காது. எதுவும் இருக்காது என்று பழகிய கண்ணுக்கு, இருப்பது தப்பிவிடுவது சுலபம். ஆளை மாற்றினால் அடுத்து வருபவருக்கும் இதே நிலைதான்.

என்ன மாறியது?

ஒவ்வொரு கதவாக மூடினார்கள். இரண்டு முறை உருக்கும் பழைய முறையிலிருந்து, டைட்டானியத்தை மூன்று முறை வெற்றிடத்தில் உருக்கும் முறைக்குத் துறை ஏற்கெனவே நகரத் தொடங்கியிருந்தது. அதற்கு முன் தயாரான டிஸ்குகள் கூடுதல் சோதனைக்கு வந்தன. டிசி-10 விமானங்களில், குழாய் உடைந்தாலும் ஹைட்ராலிக் எண்ணெய் மொத்தமும் வடிந்துவிடாதபடி தடுப்பு அமைப்பு பொருத்தப்பட்டது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் சிந்தனையில் வந்தது. 'குறையே இல்லாத உலோகம்' என்று நம்பி வடிவமைப்பதற்குப் பதிலாக, 'எங்கோ ஒரு குறை இருக்கும், அது ஆபத்தாக வளர்வதற்குள் கண்ணில் பட வேண்டும்' என்று கணக்குப் போடும் வழக்கம் இன்ஜின் டிஸ்குகளுக்கும் வந்தது.

போன் பேட்டரியிலும் இதே பாடம்

2016-ல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன்கள் தீப்பிடித்தது நினைவிருக்கும். நிறுவனம் போன்களைத் திரும்பப் பெற்று, வேறொரு சப்ளையரின் பேட்டரியோடு மாற்றுப் போன் கொடுத்தது. கொடுமை என்னவென்றால், அவையும் தீப்பிடித்தன. கடைசியில் அந்த மாடலையே கைவிட வேண்டியதாயிற்று.

பிறகு, சுமார் 2 லட்சம் போன்களையும் 30,000 பேட்டரிகளையும் சோதித்து, 2017 ஜனவரியில் முடிவை வெளியிட்டார்கள். முதல் வகை பேட்டரியில் மேல் மூலையில் போதிய இடமில்லாமல் எதிர்மின்வாய்த் தகடு வளைந்திருந்தது. இரண்டாவது வகையில் வெல்டிங்கில் நீட்டிக்கொண்டிருந்த கூரிய பிசிறுகள் தடுப்புப் படலத்தைக் குத்திக் கிழித்தன. இரண்டிலும் முடிவு ஒன்றுதான், ஷார்ட் சர்க்யூட். ஆனால், காரணம் வேறு வேறு. காரணம் முழுசாகத் தெரிவதற்குள் பாகத்தை மாற்றினால், ஒரு பிரச்னைக்குப் பதிலாக இன்னொன்று வந்து உட்காரலாம்.

கணக்கு இன்னும் முடியவில்லை

2016 அக்டோபர் 28. சிகாகோவில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 383 விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்துக்கொண்டிருந்தபோது ஓர் இன்ஜின் டிஸ்க் வெடித்து இறக்கை தீப்பிடித்தது. விமானிகள் புறப்பாட்டை ரத்து செய்ய, உள்ளே இருந்த 170 பேரும் உயிர் தப்பினார்கள். இந்த முறை டிஸ்க் டைட்டானியம் அல்ல, நிக்கல் கலப்பு உலோகம். ஆனால், காரணம் கேட்டால் பழகிய கதைபோல் இருக்கும்: தயாரிப்பின்போதே உள்ளே மறைந்திருந்த ஒரு குறை, அதிலிருந்து வளர்ந்த களைப்பு விரிசல். அன்றைய சோதனை முறைகளால் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்றது விசாரணை. அதனால், மேற்பரப்பை மட்டும் பார்க்காமல், உலோகத்தின் உட்புறத்தையும் அல்ட்ராசோனிக் ஒலி அலையால் சோதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

அந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை இருக்கும். அது எது என்பதை அடுத்து உடையும் பாகம்தான் சொல்லும். அதைத் துடைத்துத் தூக்கிப் போடாமல் எடுத்து வைத்தால்.