கதவு திறந்த பாடநூல்

கணக்கு ஒன்று புரியாவிட்டால் பாடநூலை மீண்டும் புரட்டிப் பார்ப்போம். அந்தப் பாடநூலே இல்லாவிட்டால் என்ன செய்வது? தென்னாப்பிரிக்க மாணவர் பலர் இந்நிலையில்தான் இருந்தனர். அங்கு இனவொதுக்கல் ஆட்சி 1994இல் முடிவுற்றது. ஆயினும், அவ்வாட்சியில் புறக்கணிக்கப்பட்ட பள்ளிகள் பலவற்றில் நூல் பற்றாக்குறை தொடர்ந்தது. ஒரே நூலைப் பலர் பகிர்ந்து படித்தனர்.

இக்குறையைப் போக்க, 2002இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்ற மார்க் ஹார்னரும் அவருடைய நண்பர்களும் முன்வந்தனர். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான அறிவியல், கணித நூல்களைத் தன்னார்வலர்களின் துணையுடன் எழுதி, இணையத்தில் இலவசமாக வெளியிட்டனர். இப்பணி பின்னர் ‘சியாவுலா’ என்னும் பெயரில் தொடர்ந்தது. சூலு மொழியில் இதற்கு ‘நாங்கள் திறக்கிறோம்’ என்பது பொருள்.

பெயருக்கேற்ப, நூல்களும் திறந்த உரிமத்துடன் வெளிவந்தன. பொதுவாக, ஒரு நூலை அச்சிடப் பதிப்பாளரின் அனுமதி தேவை. இந்நூல்களையோ, உருவாக்கியவரின் பெயரைக் குறிப்பிட்டு எவரும் படியெடுக்கலாம், அச்சிடலாம். இதன் பயன் 2012இல் தெளிவாகத் தெரிந்தது. தென்னாப்பிரிக்க அரசாங்கம் 10 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான கணித, அறிவியல் நூல்களை அச்சிட்டுப் பள்ளிகளுக்கு வழங்கியது. அதனால், இணைய வசதி இல்லாத மாணவர்களையும் அவை சென்றடைந்தன.

நூலைப் படித்தால் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும். எனவே, கைப்பேசியிலும் செய்யக்கூடிய இணையப் பயிற்சிகள் உருவாக்கப்பட்டன. மாணவர் விடையளித்தவுடன் அது சரியா, தவறா என்பது தெரிந்துவிடும். தவறென்றால், தீர்வு படிப்படியாக விளக்கப்படும். பின்னர், அதே வகைக் கணக்கு வேறு எண்களுடன் வரும். எனவே, விடையை மனப்பாடம் செய்து தப்பிக்க முடியாது. மாணவரின் திறனுக்கேற்பக் கணக்குகளின் கடினமும் மாறும்.

எனினும், இணையப் பயிற்சிக்குக் கருவியும் மின்சாரமும் தேவை. இணையக் கட்டணமும் பலருக்குச் சுமையாகும். மேலும், வீட்டில் வேறு மொழி பேசும் மாணவர் பலர் இப்பாடங்களை ஆங்கிலத்தில்தான் கற்க வேண்டியுள்ளது. ஆகவே, இணையத்தில் ஏற்றிவிட்டால் மட்டும் ஒரு பாடம் அனைவரையும் சென்றடைந்துவிடாது. அச்சு நூல், கைப்பேசி, ஆசிரியர் என மாணவருக்கு எட்டும் வழிகள் அனைத்தும் திறந்திருக்க வேண்டும். அப்போதுதான் கடைக்கோடிக் கிராமத்து மாணவருக்கும் அது பயன்படும்.