தூக்குவது ஒன்று, தாங்குவது ஒன்று

நம் சங்கத்து அன்பர்கள் பலர் வீட்டில் இன்று கார் இருக்கிறது. தில்லியில் நம்மவர்கள் வசிக்கும் காலனிகளில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு நடை போனால், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பாவும் பிள்ளையுமாக உள்ளே எட்டிப் பார்க்கும் காட்சியைக் காணலாம். மெக்கானிக்குக்குக் கொடுக்கும் பணம் மிச்சம். பையனுக்கும் கைவேலை பழகும். நல்ல பழக்கம்தான். ஆனாலும், சுமார் 35 வருஷம் ரயில் பெட்டிகளுக்கு அடியிலேயே காலம் தள்ளியவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன். விதிகள் எல்லாம் தெரிந்த நானே ஒருமுறை மடத்தனம் செய்து, பிறர் புண்ணியத்தில் தப்பித்தவன்.

ரயில்வேயில் ஒருவர் பெட்டிக்கு அடியில் போவதென்றால், முதலில் வண்டியின் இரு முனைகளிலும் பகலில் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு வைக்க வேண்டும். அவை இருக்கும்வரை வண்டியை யாரும் அசைக்கக் கூடாது. தடம் புரண்ட பெட்டியை ஜாக்கி கொடுத்துத் தூக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாக உயர உயர அடியில் மரக்கட்டைகளைச் செருகிக்கொண்டே வருவோம். இதற்கு 'பேக்கிங்' என்று பெயர். ஜாக்கி தூக்குவதற்கு, கட்டை தாங்குவதற்கு. புதிதாகச் சேரும் கலாசிக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது.

இனி என் கதை. 1996 டிசம்பர். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிரீமியர் பத்மினி கார் ஒன்று வைத்திருந்தேன். குவார்ட்டர்ஸ் வாசலில், சற்றே சரிவான இடத்தில் நிறுத்தி, பின்பக்க பிரேக் ஷூவைச் சுத்தம் செய்யலாம் என்று இடது பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கழற்றினேன். பிரேக் டிரம் சுலபமாக வருவதற்காக ஹேண்ட் பிரேக்கை விடுவித்திருந்தேன். கியரில்தானே இருக்கிறது, எங்கே போகும் என்ற நினைப்பு. டிரம்மைக் கழற்றியதும் பின் அச்சில் எண்ணெய்க் கசிவு கண்ணில் பட்டது. ஒரு நட்டை முடுக்கினால் போதும் என்று ஸ்பானருடன் தலையை உள்ளே நுழைத்தேன்.

அந்தச் சமயம் எங்கள் டிப்போவின் மூத்த கலாசி ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகையுடன் வந்தார். வெளியில் நீட்டிக்கொண்டிருந்த என் கால்களைப் பார்த்துவிட்டு, "ஸாப், பேக்கிங் கஹான் ஹை?" என்றார். "ஒரு நிமிஷ வேலைதான் பாய், இதோ வந்துவிட்டேன்" என்று உள்ளிருந்தே இந்தியில் பதில் சொன்னேன். அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்த சக்கரத்தை உருட்டி வந்து, காரின் அடிச் சட்டத்துக்குக் கீழே படுக்கவைத்துத் தள்ளினார். நான் ஸ்பானரை இழுத்தேன். கார் முன்னால் நகர்ந்தது, ஜாக்கி சாய்ந்தது, வண்டி 'தொப்'பென்று அந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தது. என் முகத்துக்கும் இரும்புக்கும் நடுவே நான்கு விரற்கடை இடம் மிச்சம்.

கொடி வைக்காமல் பெட்டிக்கு அடியில் நுழைந்ததற்காக மூன்று வருஷங்களுக்கு முன் அதே கலாசிக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தவன் நான்! அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னை வெளியே இழுத்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பத்திரிகையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

கியரில் இருந்த கார் ஏன் நகர்ந்தது? பின்சக்கரங்களுக்கு நடுவே டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு இருக்கிறது. வளைவில் திரும்பும்போது இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழி செய்வது அதுதான். ஒரு பக்கம் ஆகாயத்தில் தொங்கினால் அந்தப் பக்கம் தாராளமாகச் சுழலும். தரையில் இருக்கும் மற்ற சக்கரம் எதிர்த்திசையில் உருளும். கியர் பிடித்து நிறுத்தாது. இன்றைய முன்சக்கர இயக்கக் கார்களில் முன்சக்கரம் ஒன்றைத் தூக்கினாலும் இதே கதைதான்.

ஆகவே, சமதளமான கெட்டித் தரையில்தான் காரைத் தூக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும், தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வேண்டும். காருடன் வரும் ஜாக்கி, ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டுமே. அடியில் போவதென்றால், காரின் கையேடு காட்டும் இடங்களில் ஸ்டாண்டுகளைக் கொடுத்து, வண்டியை அவற்றின் மேல் இறக்கி, கையால் ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகே போக வேண்டும். செங்கல்லை அடுக்காதீர்கள். பார்க்கத் திடமாக இருக்கும், முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

அடியில் போகாத வேலைகளிலும் ஆபத்து உண்டு. ரேடியேட்டரில் தண்ணீர் அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் அந்த நொடியே கொதித்து முகத்தில் பீறிடும். எஞ்சின் நன்றாக ஆறும்வரை பொறுங்கள். பல கார்களில் ரேடியேட்டர் விசிறி, எஞ்சினை அணைத்த பிறகும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். துப்பட்டாவும் அங்கவஸ்திரமும் அதன் பக்கம் போகக் கூடாது.

பேட்டரி 12 வோல்ட்தான், ஷாக் அடிக்காது என்று அலட்சியம் வேண்டாம். அது நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தைத் தரக்கூடியது. விரல் மோதிரம் நடுவில் மாட்டினால் சில நொடிகளில் பழுக்கக் காய்ந்துவிடும். மோதிரம், உலோகப் பட்டை கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். கழற்றும்போது நெகடிவ் முனை முதலில். மாட்டும்போது அது கடைசியில். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பீடி, சிகரெட், தீப்பொறி கூடாது.

தில்லிக் குளிரில் இன்னொரு விபரீதம்: ஷெட்டின் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓடவிடுவது. புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமாக அதைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், பிறகு எழுந்திருக்கவே முடியாது. எவ்வளவு குளிரானாலும் வண்டியை வெளியே கொண்டுவந்து ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஹரித்வாருக்கோ ஆக்ராவுக்கோ போகும் வழியில் பஞ்சரானால், முதலில் வண்டியைச் சாலையை விட்டு நன்றாக ஒதுக்குங்கள். குடும்பத்தாரை இறக்கிச் சாலையிலிருந்து தள்ளி நிற்கவையுங்கள். பின்னால் 50 மீட்டராவது தள்ளி சிவப்பு முக்கோணத்தை வையுங்கள். எங்கள் சிவப்புக் கொடி செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது.

கடைசியாக ஒன்று. வீட்டில் யாருக்கும் சொல்லாமல் தனியாக வண்டிக்கு அடியில் போகாதீர்கள். வீட்டில் இருப்பவர்களும், "அவருக்குத் தெரியாததா" என்று இருந்துவிட வேண்டாம். அன்று அந்தக் கலாசி மேலதிகாரியின் படிப்பையும் பதவியையும் பார்த்து வாய் மூடி நின்றிருந்தால், இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். "ஜாக்கி இப்போது சாய்ந்தால் வண்டியை எது தாங்கும்?" என்று மனைவியோ பிள்ளையோ ஒரு வார்த்தை கேட்கட்டும். பதில் இல்லையென்றால், வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.