மீள்நுழைவுக் குற்றமும் மேன்முறையீடும்

நாடுகடத்தப்பட்ட ஒருவர் அனுமதியின்றி மீண்டும் நுழைந்தால், அவரைத் திருப்பி அனுப்புவதோடு காரியம் முடிந்துவிடும் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஐக்கிய அமெரிக்காவில் அவ்வாறன்று. 1952ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தின்படி அது சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும். பொதுவாக அதற்கான உச்ச தண்டனை 2 ஆண்டுகள். பாரிய குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்ட பின் நாடுகடத்தப்பட்டவராயின் 10 ஆண்டுகள். மிகக் கொடியவையெனச் சட்டம் வகுத்த குற்றங்களுள் ஒன்றாயின் 20 ஆண்டுகள்.

ஆகவே, இவ்வழக்குகளில் பழைய குற்றப்பதிவே தண்டனையின் அளவைப் பெரிதும் நிர்ணயிக்கின்றது. தண்டனைக்கு முன் அதிகாரி ஒருவர் அறிக்கை தயாரிப்பார். பழைய தீர்ப்புக்களுக்குப் புள்ளிகள் இடப்பட்டு, இத்தனை மாதம் முதல் இத்தனை மாதம் வரை என ஓர் எல்லை கணிக்கப்படும். 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றின் பின் நீதிபதி அதற்குக் கட்டுப்பட்டவரல்லர். எனினும் அதனைக் கணித்தே தொடங்குதல் வேண்டும்.

அக்கணக்குப் பிழைத்தால் என்ன நேரும்? டெக்சாஸ் மாநிலத்தில் எழுந்த வழக்கொன்றில், எதிரியின் பழைய குற்றத் தீர்ப்பொன்று இருமுறை எண்ணப்பட்டது. 70 முதல் 87 மாதங்களாக இருக்கவேண்டிய எல்லை 77 முதல் 96 ஆயிற்று. அவருடைய சட்டத்தரணியும் அதனைக் கவனித்திலர். நீதிபதி 78 மாதங்கள் விதித்தார். மேன்முறையீட்டு நீதிமன்றம் பிழையை ஏற்றுக்கொண்டது. ஆயினும் 78 சரியான எல்லைக்குள்ளும் அடங்குவதால் திருத்த மறுத்தது. 2018இல் உச்ச நீதிமன்றம், 7 நீதியரசர்களுக்கு 2 நீதியரசர் என்ற பெரும்பான்மையால் அம்மறுப்பை நீக்கியது. இத்தகைய வெளிப்படையான பிழையால் ஒருவர் தேவைக்கு மேல் சிறையிலிருக்க நேருமாயின் நீதிமன்றத்தின் நற்பெயரே குன்றும் என்பது அதன் கருத்து.

மேன்முறையீடு என்பது மறு விசாரணை அன்று. புதிய சாட்சிகள் அழைக்கப்படுவதில்லை. கீழ்நீதிமன்றப் பதிவேடே ஆராயப்படும். அறிவித்தலைத் தீர்ப்புப் பதிவாகி 14 நாட்களுக்குள் கொடுத்தல் வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் உடன்படிக்கையில் மேன்முறையீட்டு உரிமையைக் கைவிடும் வாசகம் இருத்தலுங் கூடும். அவ்வாறிருப்பினும், எதிரி கேட்டுக்கொண்டால் சட்டத்தரணி அறிவித்தலைத் தாக்கல் செய்தே ஆகவேண்டுமென 2019இல் தீர்க்கப்பட்டது.

முதலில் பிறந்த நாடுகடத்தற் கட்டளையே முறைகேடானது என வாதிடவும் வழியுண்டு. ஆனால் அது குறுகிய வழி. உரிய நிர்வாகப் பரிகாரங்களை நாடியமை, நீதிமன்ற மீளாய்வு மறுக்கப்பட்டமை, கட்டளை அடிப்படையில் அநீதியானமை ஆகிய மூன்றையும் காட்டுதல் வேண்டும். ஒன்றேனும் குறைதலாகாது என 2021இல் உச்ச நீதிமன்றம் ஏகமனதாகக் கூறியது.

தண்டனைக்கெதிரான மேன்முறையீட்டில் வென்றவரும் அந்நாட்டில் தங்கும் உரிமையைப் பெறுவதில்லை. சிறை நாட்கள் குறையலாம். அதன்பின் நாடுகடத்தலே காத்திருக்கும். ஆயினும் ஒரு மனிதன் சிறையில் கழிக்கும் மாதங்கள் அற்பமானவையல்ல. அவை சரியாக எண்ணப்பட வேண்டுமெனக் கேட்கும் உரிமை, குடியுரிமை இல்லாதவருக்கும் உண்டு.