வார்டு வேளையும் நோயாளியின் வேளையும்

பார்க்கின்சன் தினமாகிய ஏப்ரல் 11 நெருங்கவே, கோவளம், கேளம்பாக்கம் பக்கத்து நர்சிங் மாணவியரும் நோயாளிகளின் வீட்டாரும் எழுதிய கடிதங்களில் ஒரே ஐயம் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது: டாக்டர் எழுதியது நான்கு வேளை, வார்டில் கொடுத்ததும் நான்கு வேளை, பின் ஏன் நோயாளி மத்தியானத்தில் கட்டிலோடு உறைந்துபோகிறார்?

சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என்று பாடப்புத்தகம் ஓதுவிக்கும் ஐந்தில், நேரம் என்பதற்கு நடைமுறையில் அர்த்தம் மருந்து வண்டி கட்டிலருகே வந்து சேரும் நேரம் என்பதே. பதிவேட்டில் கையெழுத்து விழுந்துவிட்டால் பிழையே நிகழவில்லை என்று நிர்வாகம் சாதிக்கும்.

பார்க்கின்சனுக்குரிய முக்கிய மருந்தாகிய லெவோடோபாவோ, கார்பிடோபாவின் துணையோடு சென்றாலும், ரத்தத்தில் சுமார் ஒன்றரை மணியில் பாதியாகிவிடுகிறது. வியாதியின் ஆரம்பத்தில் இது வெளியே தெரிவதில்லை. மூளையில் எஞ்சியுள்ள நரம்பணுக்கள் அதை டோபமினாக்கிச் சேமித்து, அடுத்த வேளைவரை சிறுகச் சிறுக ஈந்துவருகின்றன. வருஷங்கள் செல்ல அவ்வணுக்கள் மாய்ந்து சேமிப்பும் ஒழிந்தபின், அன்றாடக் கூலி வந்தால்தான் உலையேற்றும் குடும்பம்போல, மூளை அந்தந்தக் கணத்தில் ரத்தத்திலுள்ள மருந்தையே நம்பி வாழத் தலைப்படுகிறது. ஆதலால், முன்பு இரண்டு மணித் தாமதத்தை உணராதிருந்த அதே மனிதர், இப்போது சிறிது பிந்தினாலும் பேசவும் விழுங்கவும் சக்தியற்றுக் கிடக்கிறார். விழுங்காதவருக்கு மாத்திரை கொடுப்பதெப்படி என்று நர்ஸ் தயங்க, அடுத்த வேளையும் தவறுகிறது. மருந்து திடீரென அடியோடு நின்றாலோ, கடும் ஜுரமும் விறைப்பும் கண்டு உயிருக்கே அபாயம் நேரலாம்.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் வகுத்த தரவிதி, மருத்துவமனையில் லெவோடோபாவை அவரவர்க்குக் குறித்த நேரத்திலிருந்து அரைமணிக்குள் கொடுக்கச் சொல்கிறது. வீட்டார் எழுதி வைத்திருக்கும் நேரக் காகிதத்தை அட்மிஷனின்போதே கேட்டு வாங்க மாணவிக்குக் கற்பிப்பதற்கு எந்த உபகரணமும் வேண்டியதில்லை. ஆயினும் பரீட்சையில் ஐந்தையும் ஒப்பிப்பவருக்கே மதிப்பெண்.

மற்றக் கேள்விகள்.

வாந்திக்குப் பெரினார்ம்? கூடாது, அது மூளையிலேயே டோபமினைத் தடுக்கும்.

இரவில் பிதற்றினால் ஹாலோபெரிடால்? அதுவும் கூடாது.

மீன்குழம்புச் சோற்றோடு மாத்திரை? புரதம் குடலில் மருந்து நுழையும் அதே வாயிலுக்குப் போட்டியிடும். பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பே நன்று.

சிண்டோபா 110க்குப் பதில் 125? இரண்டிலும் லெவோடோபா 100 மில்லிகிராம்தான், கார்பிடோபாவே வேறு. இருந்தும் டாக்டரைக் கேளாமல் மாற்றலாகாது.

மெல்ல மெல்ல மருந்தை விடும் சி.ஆர். மாத்திரையைப் பொடிக்கலாமா? கூடாது.

பூனைக்காலி விதைப்பொடி? 1937இல் சென்னையில் ஆய்வாளர்கள் தாமோதரனும் ராமசாமியும் லெவோடோபாவைப் பிரித்தெடுத்தது அவ்விதையிலிருந்துதான். டாக்டரிடம் சொல்லாமல் தின்றால் மருந்தின் அளவு கணக்கின்றிக் கூடும்.