அம்ஸ்ரர்டாமில் ஆறுதலாகத் தங்க: பெற்றோரை அழைத்துச் செல்வோர் கவனத்துக்கு

1983 ஆடிக் கலவரத்தின் பின்னர், ஒரே முற்றத்தில் விளையாடிய பிள்ளைகள் ஒவ்வொரு தேசத்தில் ஒவ்வொருவராகக் குடியேறினர். தமக்கை ரொறன்ரோவில், தம்பி பாரிசில், இளையவர் லண்டனில், சித்தப்பா வீட்டார் ஜேர்மனியில் என்பது இன்று சாதாரண குடும்பக் கதை. பெற்றோரின் சதாபிஷேகமோ பிள்ளைகளின் கோடை விடுமுறையோ வரும்போது எல்லோரும் கூடுவதற்கு ஒரு நடுவிடம் தேடப்படுகிறது. அதற்குத் தோதான நகரங்களில் ஒன்று ஒல்லாந்து தேசத்து அம்ஸ்ரர்டாம். ரொறன்ரோவிலிருந்து நேரடி விமானம் ஏறக்குறைய ஏழு மணி நேரத்தில் போய்ச் சேரும். பாரிசிலிருந்து மூன்றரை மணி நேரத்துக்குள்ளும், லண்டனிலிருந்து நான்கு மணி நேரமளவிலும் ரயில் உண்டு. ஜேர்மனியில் நம்மவர் அதிகம் வாழும் ரூர் பகுதியும் தூரமில்லை.

இவ்வாறு புறப்படும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே பிழையைச் செய்கின்றன. கால்வாய்க் கரையில் பூந்தொட்டி வைத்த ஜன்னலுடன் கூடிய ஹொட்டேல் படத்தைக் கண்டு மயங்கி அறையைப் பதிவு செய்து விடுகின்றன. அங்கே போன பின்னர்தான் அறை மூன்றாம் மாடியில் என்பதும், லிப்ட் இல்லை என்பதும், படிகள் ஏணிபோல் செங்குத்தானவை என்பதும் தெரிய வருகின்றன. எழுபத்தைந்து வயதுத் தாயார் முதல் நாள் ஒருவாறு ஏறி விடுவார். இரண்டாம் நாள், "எனக்கு ஒன்றுமில்லைப் பிள்ளை, நீங்கள் போய்ப் பார்த்திட்டு வாங்கோ" என்று சொல்லி அறையிலேயே இருந்து விடுவார். முழங்கால் நோகிறதென்று சொல்லமாட்டார். பதினைந்து வருடமாகக் காணாத தம்பி கீழே வந்து நிற்க, அவர் மேலே ஜன்னலோரம் இருப்பதற்காகவா இவ்வளவு பணம் செலவழித்தது? ஆகவே தங்குமிடம் தேடும்போது முதலில் எண்ண வேண்டியது காட்சியை அல்ல, படிகளை.

படிகள் செங்குத்தான காரணம்

அம்ஸ்ரர்டாமின் பெரிய கால்வாய் வளையம் 1613ஆம் ஆண்டு முதல் வெட்டப்பட்டது. வணிகர்கள் கரையோரத்தில் ஒடுங்கிய காணிகளில் உயர்ந்த வீடுகளைக் கட்டினார்கள். வீடு ஒடுக்கமென்றால் படிக்கட்டு இன்னும் ஒடுக்கம். தளபாடங்களைப் படிவழியே ஏற்ற முடியாதபடியால், முகப்பின் உச்சியில் ஒரு மரத்தையும் கொளுக்கியையும் பொருத்திக் கயிறு கட்டி ஜன்னல் வழியே ஏற்றினார்கள். அந்தக் கொளுக்கிகளை இன்றும் காணலாம். 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இந்தக் கால்வாய்ப் பகுதியை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பாதுகாக்கப்படும் இத்தகைய பழைய கட்டடங்களில் நினைத்தவுடன் லிப்ட் பொருத்திவிட முடியாது.

எனவே அறை பதிவு செய்யுமுன் ஹொட்டேலுக்குக் கடிதம் எழுதியோ தொலைபேசியிலோ சில கேள்விகளைக் கேட்பது நன்று. லிப்ட் இருக்கிறதா? இருந்தால் எல்லா மாடிகளுக்கும் போகுமா? வாசலில் எத்தனை படிகள்? குளிக்கும் இடம் தரை மட்டத்திலா, அல்லது உயர்ந்த தொட்டிக்குள் கால்தூக்கி வைத்து இறங்க வேண்டுமா? இரட்டைக் கட்டில் உண்மையில் இரண்டு ஒற்றை மெத்தைகளா? அந்நாட்டில் இரண்டைச் சேர்த்துப் போடுவது வழக்கம். கோடைக்குக் குளிரூட்டி உண்டா? பழைய கட்டடங்கள் பலவற்றில் இராது.

மாடிக் கணக்கிலும் கவனம் வேண்டும். கனடாவில் முதலாம் மாடி என்றால் நிலத்தளம். ஐரோப்பாவில், யாழ்ப்பாணத்தில் சொல்வது போலவே, நிலத்தளத்துக்கு மேலே உள்ளதுதான் முதலாம் மாடி. கனடாவில் பிறந்த பிள்ளைகள் பதிவு செய்யும்போது இதைக் கவனிக்கத் தவறி விடுவார்கள்.

எந்தப் பகுதி நல்லது

மத்திய ரயில் நிலையத்துக்குக் கிட்டிய பழைய நகர்ப் பகுதி இரவிரவாகச் சந்தடி நிறைந்தது. சிவப்பு விளக்குத் தெருக்களும் கஞ்சாப் புகையும் அங்கேதான். பெற்றோரோடும் சிறு பிள்ளைகளோடும் போகின்றவர்களுக்கு அது உகந்த இடமல்ல.

நகரின் தெற்கிலுள்ள சவுத் ரயில் நிலையத்தை அண்டிய பகுதியில் புதிய, உயர்ந்த ஹொட்டேல்கள் உள்ளன. லிப்ட் உண்டு. ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்து ரயிலில் பத்து நிமிடம்கூட ஆகாது. 2018இல் திறக்கப்பட்ட 52ஆம் இலக்க மெட்ரோ அங்கிருந்து நகரின் நடுவே ஓடுகிறது. அரும்பொருட்சாலைகள் சூழ்ந்த பகுதியும் அமைதியானது, ட்ராம் வண்டி வசதியும் உண்டு. செலவைக் குறைக்க விரும்புவோர் மத்திய நிலையத்தின் பின்புறம் ஆற்றைக் கடந்து வட பகுதியில் தங்கலாம். அக்கரைக்குப் போகும் படகுக்குக் கட்டணம் இல்லை. ட்ராம் வண்டிகளில் காசு வாங்குவதில்லை என்பதால், தட்டிச் செலுத்தும் வங்கி அட்டை ஒவ்வொருவர் கையிலும் வேண்டும். ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை தட்டுவது அவசியம்.

இன்னுமொரு எச்சரிக்கை. அம்ஸ்ரர்டாம் கால்வாய்களின் கரையில் பெரும்பாலான இடங்களில் வேலி கிடையாது. சிறு பிள்ளைகளைக் கைப்பிடித்தே நடத்த வேண்டும். செந்நிறப் பாதை சைக்கிள்களுக்குரியது. அதில் நின்று படம் எடுப்பது ஆபத்து.

வாடகையும் வரியும்

விளம்பரத்தில் காணும் வாடகை முழு வாடகை அல்லாமல் இருக்கலாம். 2024ஆம் ஆண்டு முதல் அம்ஸ்ரர்டாம் நகரசபை உல்லாசப் பிரயாணிகளிடம் அறை வாடகையில் 12.5 சதவீதம் வரி அறவிடுகிறது. ஒல்லாந்து அரசு தங்குமிடங்களுக்கான விற்பனை வரியை 2026 ஜனவரி 1 முதல் 9 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாக உயர்த்தியுள்ளது. உதாரணமாக, வரிகளுக்கு முன் ஓர் அறை 160 யூரோ என்று வைத்துக்கொண்டால், விற்பனை வரி 33 யூரோ 60 சதம், நகரசபை வரி 20 யூரோ, ஆக 213 யூரோ 60 சதம். மூன்று அறைகள், நான்கு இரவுகள் என்று பெருக்கிப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். "எல்லா வரியும் சேர்த்து எவ்வளவு?" என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே அறையில் ஐந்து பேர் படுப்பது நம்மவர் வழக்கம். அங்கே ஓர் அறையில் பெரும்பாலும் இருவருக்கே அனுமதி. கதவால் இணைந்த இரண்டு அறைகள் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டால், இரவில் பெற்றோருக்கு ஒரு தேவை ஏற்பட்டாலும் பிள்ளைகள் பக்கத்திலேயே இருப்பார்கள். துலிப் பூக்கள் மலரும் ஏப்ரல் மாதத்திலும், அரசர் தினமான ஏப்ரல் 27ஐ ஒட்டியும் வாடகை ஏறும், கூட்டமும் பெருகும்.

கடவுச்சீட்டும் விசாவும்

கனடியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 180 நாட்களில் 90 நாட்கள் வரை ஷெங்கன் நாடுகளில் விசா இன்றித் தங்கலாம். ஆனால் குடும்பத்தில் ஒருவர் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டோடு இருப்பாராயின், அவர் கனடாவின் நிரந்தர வதிவாளரானாலும் ஷெங்கன் விசா பெற வேண்டும். பெரும்பாலும் அந்த ஒருவர் அம்மம்மாவாகவோ அப்பப்பாவாகவோ இருப்பார். ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. ஆகக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பிரயாணக் காப்புறுதியும் வேண்டும். தங்குமிடத்துக்கான அத்தாட்சியும் கேட்பார்கள் ஆகையால், பணம் திரும்பக் கிடைக்கும் முறையில் அறையைப் பதிவு செய்வதே புத்தி. கனடாவுக்குத் திரும்பி வருவதற்கான அட்டையோ விசாவோ காலாவதியாகாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

முதல் நாள் காலை

ரொறன்ரோவிலிருந்து இரவு புறப்படும் விமானம் மறுநாள் காலை ஸ்கிபோல் சேரும். அறையோ பிற்பகல் 3 மணியளவில்தான் கிடைக்கும். கண் மூடாத பெரியவர்களை ஐந்தாறு மணி நேரம் வரவேற்பறை நாற்காலியில் இருத்தி வைப்பது பெரும் வதை. முதல் இரவுக்கும் சேர்த்து வாடகை கட்டி, காலையிலேயே வருவோம் என்று ஹொட்டேலுக்கு அறிவித்து விடுவது ஒரு வழி. மேலதிகப் பணம் கொடுத்து முன்னதாக அறை பெறுவது இன்னொரு வழி. இதற்கான செலவை மற்றொரு நாளின் உல்லாசத்தில் குறைத்துக்கொள்ளலாம்.

சக்கர நாற்காலி வேண்டுமென்றால் புறப்படுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னராவது விமான நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். மருந்துகள் கைப்பையிலேயே இருக்கட்டும். ஆறு மணி நேர வித்தியாசத்தில் இன்சுலினையும் குளிசைகளையும் எப்படி மாற்றி எடுப்பது என்பதைக் குடும்ப வைத்தியரிடம் எழுதி வாங்கிக்கொள்வது அவசியம். ஜூன் மாதத்தில் அங்கே இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். தடித்த திரைச்சீலை உள்ள அறை நித்திரைக்கு உதவும்.

சைவ உணவு

ஹொட்டேல் காலையுணவில் பாண், பால், தயிர், பழங்கள் கிடைக்கும். சீஸ் வகைகளில் பழைய முறையில் செய்யப்படுபவை கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறையைக் கொண்டு செய்யப்படுவன. கடும் சைவர்கள் கேட்டுத்தான் உண்ண வேண்டும். கடைகளில் போண்டாவைப் போல் உருண்டையாகப் பொரித்து வைத்திருப்பது பெரும்பாலும் இறைச்சி உருண்டை. பட்டாணிச் சூப்பில் பன்றி இறைச்சி இருக்கும். இந்தோனேசியக் கடைகளின் சம்பலில் இறால் சேர்ந்திருக்கலாம்.

ஆறுதல் தருவது சுரினாம் நாட்டவரின் ரொட்டிக் கடைகள். 1873 முதல் வட இந்தியாவிலிருந்து கூலி ஒப்பந்தத்தில் சுரினாமுக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் பலர், 1975இல் அந்நாடு சுதந்திரம் பெற்ற காலத்தில் ஒல்லாந்தில் குடியேறினார்கள். ரொட்டி, உருளைக்கிழங்குக் கறி, பயற்றங்காய் என்று மரக்கறிச் சாப்பாடு கேட்டு வாங்கலாம். அல்பேர்ட் கைப் சந்தைப் பக்கம் போனால் இத்தகைய கடைகளைக் காணலாம். 52ஆம் இலக்க மெட்ரோ அந்தப் பக்கத்தால் போகிறது. மின்கேத்தல் அறையில் உண்டா என்று கேட்டு வைத்தால் இரவில் ஒரு தேநீர் போடலாம்.

காண வேண்டியவை

கால்வாய் அழகைக் காணப் படகு இருக்கிறது. கூரையிட்ட படகில் ஒரு மணி நேரம் இருந்தபடியே, கொளுக்கி தொங்கும் வீடுகளையும் வளைந்த பாலங்களையும் பெற்றோர் ஆறுதலாகப் பார்க்கலாம். காட்சிக்குப் படகு, நித்திரைக்கு லிப்ட் உள்ள கட்டடம் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் கைகூடும்.

ஆன் பிராங்க் என்ற யூதச் சிறுமி 1942 முதல் 1944 வரை குடும்பத்துடன் மறைந்திருந்த வீடு ஒரு கால்வாய்க் கரையில் இருக்கிறது. ஆறு வாரங்களுக்கு முன் செவ்வாய்க்கிழமைகளில் வெளியிடப்படும் நுழைவுச்சீட்டை முன்கூட்டியே பெற வேண்டும். பதுங்குகுழி வாழ்வை அறிந்த நம்மவருக்கு அந்த வீட்டை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. எனினும் அங்கும் படிகள் செங்குத்து. ஏற முடியாத பெரியவரோடு ஒருவர் கீழே தங்குவது நல்லது.

அம்ஸ்ரர்டாம் யாழ்ப்பாணத்தாருக்கு முற்றிலும் அந்நியமான ஊருமல்ல. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பறங்கியரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமைக் கட்டடம் இந்த நகரில்தான் இருந்தது. இன்று அது பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த பல்தேயு பாதிரியார் எழுதிய பெருநூல் 1672இல் இங்கேதான் அச்சாயிற்று. தேசவழமையை எழுத்தில் தொகுப்பித்தவர்களும் ஒல்லாந்தரே. ஊரில் முதியோர் சொல்லும் "கந்தோர்" என்ற சொல் ஒல்லாந்த மொழியிலிருந்து வந்தது. அச்சொல்லை இன்றும் அந்நகரத்துக் கட்டடங்களில் பெயர்ப்பலகையாக வாசிக்கலாம். தாத்தா அதை வாசித்துப் பேரப்பிள்ளைக்கு விளக்கும் நேரம், எந்த வழிகாட்டியும் தரமுடியாத ஒன்று.

தரிசனத்தை விரும்புவோருக்கு ஒல்லாந்தின் வடமேற்கிலுள்ள டென் ஹெல்டர் பட்டினத்தில் வரதராஜ செல்வவிநாயகர் கோயில் உண்டு. அம்ஸ்ரர்டாமிலிருந்து ரயிலில் போய்த் திரும்பலாம். ஜேர்மனிப் பக்கம் செல்வோர் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாளைத் தரிசிக்கலாம். 2002இல் கும்பாபிஷேகம் கண்ட அக்கோயிலின் தீர்த்தோற்சவம் நடைபெறுவதும் ஒரு கால்வாயிலேயே.

பயணம் முடிந்து திரும்பும்போது ஹொட்டேல் ஜன்னலின் காட்சி மறந்து போகும். அக்காவும் தம்பியும் கீழே வரவேற்பறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்து, நேரம் போவது தெரியாமல் கதைத்தது மறக்காது. அதற்கு வேண்டியது அக்கா சிரமமின்றிக் கீழே இறங்கி வரக்கூடிய ஓர் அறை. பதிவு செய்யுமுன் அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லாம் வல்ல விநாயகப் பெருமான் வழித்துணையாவாராக.