சோக் கேபிள் ஏன் சுட்டது?

ரொம்ப நாளாச்சு எழுதி. ப்ராஜெக்ட், அசைன்மென்ட்னு பழைய சாக்குகளே கைவசம் இருந்தாலும் உண்மையான காரணம் வேறு. போன மாதம் ஒரு வாரம் முழுக்க நான் ஒரு காருக்கு அடியில் படுத்துக் கிடந்தேன்.

கார் என்னுடையது இல்லை (மாசக் கடைசியில் பஸ் பாஸுக்கே யோசிக்கிற ஆளு நான்). நான் குடியிருக்கும் பர்மிங்காம் வீட்டின் ஓனருடையது. 1972-ல் செய்த எம்ஜிபி. மேல்கூரையை மடித்துவிடலாம், ரெண்டு பேர் உட்காரலாம். 1962-லிருந்து 1980 வரைக்கும் ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளியிருக்கிறார்கள். இதை ஓட்டியது ஓனரின் மனைவி. அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. பெரியவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் எடுத்து ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார். அக்டோபரிலிருந்து அதுவும் நின்றுபோச்சு. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஒரு மெக்கானிக் வந்து பேட்டரி மாற்றினார், பிறகு ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றினார், பில் கொடுத்தார். வண்டி மறுபடியும் 'டக்'. கடைசியில் பழைய கார் வாங்கி விற்கிற ஒருத்தர் ஓடாத வண்டி விலைக்குக் கேட்டார். பெரியவரும் சரி என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை வருவதாகச் சொன்ன அந்த ஆளுக்காக கராஜைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்கு என்னமோ போல இருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "நான் ஒரு தடவை பார்க்கட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். படிப்பதோ பவர் எலக்ட்ரானிக்ஸ், கையில் ஒரு மல்டிமீட்டர். வேறு என்ன வேணும்?

இந்தக் கார்களின் எலக்ட்ரிக்கல் சாமான்களைச் செய்தது இதே பர்மிங்காமின் லூகாஸ் கம்பெனி. 'இருளின் இளவரசன்' என்று அதற்கு இங்கே ஒரு பட்டப்பெயர். கேலி கொஞ்சம் ஓவர் என்பது என் கட்சி. ஐம்பது வருஷம் மழையிலும் உப்புத் தெளித்த ரோட்டிலும் ஓடினால் எந்த ஜாயின்ட்தான் துருப்பிடிக்காது? அது போக, அவர்களுடைய ஒயர் நிறங்களைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து நேராக வரும் கரன்ட். வெள்ளை, சாவி போட்டால் வருவது. பச்சை, அதே கரன்ட் பியூஸ் வழியாக. கறுப்பு எர்த். வெள்ளையில் சிவப்புக் கோடு போட்டது ஸ்டார்ட்டருக்குப் போவது.

முதல் நாள் பேட்டரி. சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகையைத் தூக்கினால், ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு, தொடராக இணைத்தது. ரெண்டும் சேர்ந்து 12.6 வோல்ட். குறையே இல்லை. இன்னொரு விஷயம்: 1967 வரைக்கும் வந்த எம்ஜிபிகளில் பாசிட்டிவ்தான் எர்த். அது தெரியாமல் ஜம்பர் கேபிள் மாட்டினால் கதை கந்தல். இது 72, நம்மூர் மாதிரி நெகட்டிவ் எர்த்தான்.

அடுத்தது ஹெட்லைட் சோதனை. விளக்கைப் போட்டுக்கொண்டே சாவியைத் திருப்ப வேண்டும். விளக்கு செத்துப்போனால் பேட்டரியோ அதன் டெர்மினலோ சரியில்லை. எங்களுக்கு விளக்கு லேசாகக்கூட மங்கவில்லை, 'டக்' மட்டும்தான். அதாவது பேட்டரியில் தெம்பு இருக்கிறது, ஸ்டார்ட்டர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. இங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இக்னிஷன் சுவிட்ச், ரிலே, சொலினாய்டு என்று மூன்று நாள் ஓட்டினேன். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே மீட்டரை ஓம்ஸில் வைத்துப் பார்த்தேன், 'பீப்' என்றது. எர்த் ஓகே என்று நோட்டில் டிக் வேறு போட்டேன்.

வியாழக்கிழமை ராத்திரி திருநெல்வேலிக்குப் போன் போட்டேன். மாமா இருபது வருஷத்துக்கு மேல் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டியவர். கதையைச் சொல்லி முடிக்கவில்லை, "எர்த்தைப் பாத்தியாலே மொதல்ல?" என்றார்.

"பாத்துட்டேன் மாமா. பீப் அடிக்குது."

"பீப்பைக் கொண்டுபோயி குப்பையில போடு மாப்ளே. செல்ஃப் அடிக்கும்போது எங்கயாவது சூடாகுதா பாரு."

அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜினும் ஒரே பிஎம்சி பி-சீரிஸ் குடும்பம். மாமாவுக்கு அது தெரியாது. அவருக்கு எல்லா வண்டியும் அம்பாசிடர்தான்.

சூடு என்றதும்தான் பெரியவருக்கு ஞாபகம் வந்தது. அக்டோபரில் ஸ்டார்ட் பண்ணும்போது சோக் குமிழ் கையைச் சுட்டதாம். ஹீட்டர் கோளாறு என்று நினைத்து விட்டுவிட்டாராம்!

நடந்தது இதுதான். இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரன்ட் போகாது. அதனால் இன்ஜினையும் பாடியையும் இணைக்க ஒரு செம்புப் பின்னல் பட்டை உண்டு. ஸ்டார்ட்டர் இழுக்கிற நூற்றுக்கணக்கான ஆம்பியரும் பேட்டரிக்குத் திரும்புகிற பாதை அதுதான். அது அறுந்தால் கரன்ட் கிடைத்த வழியில் திரும்பப் பார்க்கும். சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், எது உலோகமோ அது. மெல்லிசான கம்பியில் அவ்வளவு கரன்ட் போனால் அது ஹீட்டர்தான்.

என் மீட்டர் ஏன் ஏமாற்றியது? ஓம்ஸில் அது அனுப்புவது துளியூண்டு கரன்ட். அதற்கு ஒரே ஒரு இழை போதும். 150 ஆம்பியர் போகும்போது 0.02 ஓம் மிச்சமிருந்தாலே 3 வோல்ட் அங்கேயே போச்சு. அதனால் வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் தொட்டு, சாவியைத் திருப்பும்போது பார்க்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சந்தேகப்படலாம். எங்களுக்கு 7 காட்டியது. வகுப்பில் வாரம் ரெண்டு தடவை கேட்கிற விஷயம். வெட்கக்கேடு.

ஒரு ஜம்பர் கேபிளை எடுத்து இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டினோம். கியர் நியூட்ரலில்தான் இருக்கிறதா என்று ரெண்டு தடவை பார்த்துவிட்டு, சாவி. இன்ஜின் 'கிர்ர்ர்' என்று சுற்றியது! பெரியவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அடியில் போய்ப் பார்த்தால் பட்டை பச்சைப் பொடியாகி ரெண்டு மூன்று இழையில் தொங்கிக்கொண்டிருந்தது (ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்). புதுப் பட்டை பத்து பவுண்டுக்குள். போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, முறுக்கி, மேலே வாசலின் தடவினோம். உள்ளே வெந்துபோன சோக் கேபிளையும் மாற்றியாச்சு.

ஆனால் சுற்றியதே தவிர பிடிக்கவில்லை. பெட்ரோல் பம்ப் பின்பக்கம் 'டிக்டிக்டிக்' என்று அடித்து நின்றுவிட்டது. அப்படி நின்றால் கார்புரேட்டர் நிறைந்துவிட்டது என்று அர்த்தம், நல்ல சகுனம். அக்டோபர் பெட்ரோலை இறக்கிவிட்டுப் புதுசும் ஊற்றியாச்சு. அப்ப பொறிதான் இல்லை. காயிலின் நெகட்டிவ் பக்கத்துக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் வைத்து, இன்ஜினைச் சுற்றினால் விளக்கு மின்னி மின்னி அணைய வேண்டும். பாயிண்ட் திறக்கும்போது எரியும், மூடும்போது அணையும். எங்களுக்கு அணையவே இல்லை. மாதக்கணக்கில் சும்மா கிடந்ததில் சி.பி. பாயிண்ட் முகம் கறுத்து, மூடினாலும் கரன்ட் விடவில்லை. நைஸ் தாளில் தேய்த்துத் துடைத்து, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி 15 தவ், அதாவது 0.38 மில்லிமீட்டர். சாவி அப்புறம் பெரியவர் கையில்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு இருமல், ரெண்டு இருமல், மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. கராஜ் முழுக்கப் புகை. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. ஸ்டியரிங்கில் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் டீ போடப் போகிறேன் என்று உள்ளே வந்துவிட்டேன்.

சனிக்கிழமை அந்த ஆள் வந்தார். பெரியவர் ஆறிப்போன இன்ஜினை ஒரே திருப்பில் ஸ்டார்ட் பண்ணிக் காட்டிவிட்டு, விற்பதாக இல்லை, வந்ததற்கு நன்றி என்று சொல்லிக் கதவு வரைக்கும் கொண்டுபோய் விட்டார். மறுநாள் என்னைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து ஒரு சுற்று. குளிரில் காது விழுந்துவிடும் போல இருந்தது, கூரையைப் போட மாட்டேன் என்று ஒரே பிடிவாதம் :-)

மாமாவுக்கு போட்டோ அனுப்பினேன். "டிக்கி ரொம்ப சின்னதா இருக்கே மாப்ளே, ஏர்போர்ட் சவாரிக்கு ஆவாது" என்று பதில் வந்தது.